இல்லாத பிள்ளைக்கு அழலாமா?

"மாமா, நீங்கதான் கதை எழுதறவராச்சே, சொல்லுங்க. அது குழந்தையா, இல்லையா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் என் தமக்கையின் மகள் என்னிடம் இப்படிக் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. காப்பி ஆறிப்போகிறது என்று ஏதோ சொல்லி எழுந்துவிட்டேன். கதைகளில் எத்தனையோ பெண்களை அழ வைத்தவன், எதிரே ஒருத்தி அழாமல் கேட்டபோது ஓடிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் தள்ளி மூன்று மாதம். சாதாரண மசக்கையில் காணாத வாந்தி. வயிறும் மாதக் கணக்கை மீறிப் பெருத்திருந்தது. இரட்டைப் பிள்ளை என்று வீட்டுக் கிழவிகள் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். பிறகு ஒருநாள் இரத்தம் கண்டது. ஸ்கான் செய்த டாக்டரம்மாள், குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் பனி பெய்தாற்போல் வெண்புள்ளிகள்தாம் தெரிகின்றன என்றார். நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு கட்டுமீறி, திராட்சைக் கொத்துப்போல நீர்க்கொப்புளங்களாகப் பெருகியிருந்தது. கரு அரைகுறையாகத் தோன்றும் வகையும் உண்டாம். இவளுடையது முழு வகை. கரு என்று எதுவுமே இல்லை. உறிஞ்சு கருவியால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள்.

இதற்குத் தமிழில் 'முத்துப் பிள்ளை' என்று பெயர். கொப்புளங்களைப் பார்த்தவர்கள் முத்து என்றது சரி. பிள்ளை என்று ஏன் சொன்னார்கள்?

ஹாலந்து தேசத்தில், இன்று ஹேக் நகரத்தின் பகுதியாக இருக்கும் லோஸ்டுயினன் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் இரண்டு பாத்திரங்கள் உண்டு. 1276-இல் மார்கரெட் என்ற சீமாட்டி ஒரே பிரசவத்தில் 365 சிசுக்களைப் பெற்றாளாம். அவற்றை அந்தப் பாத்திரங்களில் வைத்து ஞானஸ்நானம் செய்து, ஆணுக்கெல்லாம் யோவான், பெண்ணுக்கெல்லாம் எலிசபெத் என்று பெயரிட்டார்களாம். இரட்டைக் குழந்தைகளோடு வந்த ஓர் ஏழையின் கற்பைப் பழித்ததற்காகக் கிடைத்த சாபம் என்பது கதை. அது முத்துப் பிள்ளையாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதினார்கள்.

பெயர் வைக்காமல் மனிதனால் துக்கத்தைப் புதைக்க முடியவில்லை என்பது இந்தக் கதையில் எனக்குப் புரிகிறது. நம் முன்னோர் பிள்ளை என்று சொன்னதும் அதனால்தான் போலும். கூடவே இன்னொன்றும் தெரிகிறது. பெண்ணின் வயிற்றில் எது பிசகினாலும் அவள் செய்த பாவத்தைத் தேட ஊர் தயாராக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் தேடினார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, குலதெய்வத்துக்கு வேண்டுதல் பாக்கியா என்று விசாரணை நடந்தது. விஞ்ஞானம் சொல்வது வேறு. இந்த முழு வகையில் தாயின் சினைமுட்டை உட்கருவை இழந்துவிடுகிறது. உள்ளே புகுந்த விந்தணு பெரும்பாலும் தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. ஆகையால் அந்தத் திசுவின் 46 குரோமோசோம்களும் தகப்பன் வழி வந்தவையே. இதைக் கேட்டதும் பழியைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் போட என் நாக்குத் துடித்தது. அது மட்டும் நியாயமா? அவனும் ஒன்றும் செய்யவில்லை. யாரும் செய்யாமலே நேர்கிற கெடுதலும் உலகில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இரண்டு கட்சி. "ஒண்ணுமே இல்லையே, எதுக்கு அழறே?" என்றது ஒரு கட்சி. "போனது போகட்டும், அடுத்த மாசமே நல்ல சேதி வரும்" என்றது மற்றது.

முதலாவது கல்நெஞ்சம். இரண்டாவது கருணை போலத் தோன்றும் ஆபத்து. முழு முத்துப் பிள்ளை கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்கு மிச்சத் திசு மறுபடி வளர்கிறது; சிலருக்குப் புற்றாகி நுரையீரல் வரை போகிறது. கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன்தான் அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. வாரந்தோறும் இரத்தம் எடுத்து, அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் அனுமதிக்கும்வரை, பல மாதங்கள், கர்ப்பம் தரிக்கக் கூடாது. புதுக் கர்ப்பம் வந்தால் அதே ஹார்மோன் ஏறும். சாட்சி குழம்பிப் போகும்.

அந்தச் சாட்சியை நம்பியதற்காக ஒருவர் வேலை இழந்தார். 1956-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் மின் சியூ லீ என்ற டாக்டர், பரவிவிட்ட இந்தப் புற்றுக்கு மெதோட்ரெக்ஸேட் கொடுத்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து வகை அது. கட்டிகள் கண்ணுக்கு மறைந்த பிறகும், இரத்தத்தில் ஹார்மோன் தீரும்வரை லீ மருந்தை நிறுத்தவில்லை. தேறிவிட்டவளுக்கு விஷம் ஏற்றுவதா என்று மேலிடம் அவரை விலக்கியது. முன்னதாக நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பிற்று. அவர் விடாமல் நடத்தியவர்கள் பிழைத்தார்கள். இன்று அவர் வழியே வழி. உரிய நேரத்தில் கண்டுகொண்டால் ஏறக்குறைய எல்லாரும் குணமாகிறார்கள்.

உண்மை கொடியது, பொய் இதமானது என்று நானும் பல கதைகளில் எழுதியிருக்கிறேன். இங்கே இதமான பொய்தான் உயிருக்கு உலை வைக்கிறது. ஆனால், உண்மையைச் சொல்கிறோம் என்று அவள் துக்கத்தைப் பொய்யாக்கவும் நமக்கு உரிமையில்லை. திரையில் குழந்தை இல்லை என்பது டாக்டரம்மாளின் உண்மை. மூன்று மாதம் படியிறங்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்து இறங்கினாளே, அதுவும் நடந்ததுதானே?

மறுவாரம் நானே அவளைத் தேடிப் போனேன். "அது குழந்தை இல்லையம்மா. நீ காத்திருந்தது குழந்தைக்குத்தான். அதுக்காக அழலாம், தப்பில்லை" என்றேன்.

அழுதாள். நான் எழுந்து போகவில்லை. முகம் கழுவி வந்தவளிடம், "செவ்வாய்க்கிழமை இரத்தம் கொடுக்கணுமே, நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கே போகணும் மாமா, நீங்க எழுந்திருப்பீங்களா?" என்றாள்.