வலது பின்கதவு

கார் எடுத்துப் பதினேழாவது நாள்தான் அதைப் பார்த்தேன். கோட்டுச்சேரிமேட்டில் காலை ஆறரை மணிக்குக் கடல் பக்கமிருந்து வெயில் படுத்தவாக்கில் வரும். அந்த வெயிலில் வெள்ளிநிறக் காரின் வலது பின்கதவு மட்டும் கொஞ்சம் மங்கலாக, வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியது போலத் தெரிந்தது. நாலு அடி தள்ளி நின்றால் தெரியவில்லை. மத்தியானம் பார்த்தால் சுத்தமாகத் தெரியவில்லை.

டிங்கர் பெயின்டிங் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நண்பன் மீட்டரோடு வந்தான். மற்ற கதவுகளில் 110, 115 மைக்ரான். இதில் 230.

"மாப்ள, இது கம்பெனி கோட்டு மட்டும் இல்ல. மேல இன்னொன்னு அடிச்சிருக்கு."

தொழிற்சாலையில் ஒரு காரின் உடம்பு முதலில் பெயின்ட் தொட்டியில் முழுசாக முங்கி எழுகிறது. மின்சாரத்தின் உதவியால் துருத்தடுப்புப் பூச்சு மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாவற்றையும் உலையில் வேகவைக்கிறார்கள். இத்தனை அடுக்கும் சேர்ந்து தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள் இருக்கும். மறுபடி ஸ்ப்ரே அடிக்கும்போது அவை வேறு மாதிரி படுத்துக்கொள்ளும். நிறம் ஒன்றாகவே இருந்தாலும் சாய்ந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷோரூம் மேனேஜர் மறுக்கவில்லை. யார்டில் உரசியிருக்கலாம், டச்சப் செய்திருப்பார்கள் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "பதினேழு நாளா நீங்களே பாக்கலையே சார், அப்பறம் என்ன?" சீட் கவர், பாலிஷ், கொஞ்சம் பணம் எல்லாம் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரே ஒரு வரி போதும் என்றேன். டெலிவரிக்கு முன் இந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்தோம் என்று எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள்.

"அது மட்டும் முடியாது சார்."

மேனேஜரின் கேள்வி லேசானதில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றால் எனக்கு என்ன நஷ்டம்? இதே கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஐரா கோர் என்ற மருத்துவர் 1990இல் அலபாமாவில் ஒரு பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டியும் குறை எதுவும் தெரியவில்லை. இன்னும் பளபளப்பாக்கலாமே என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார், அந்தக் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். கப்பலில் வரும்போது அமில மழையில் பெயின்ட் கெட்டுப்போய், மறுபடி அடித்திருக்கிறார்கள். செலவு 601 டாலர். விலையில் 3 சதவீதத்துக்குள் முடிகிற ரிப்பேர் என்றால் டீலருக்குக்கூடச் சொல்லாமல் புதுசு என்றே விற்பது கம்பெனியின் விதி. ஜூரி அவருடைய நஷ்டத்தை 4,000 டாலர் என்று கணக்கிட்டது. மறைத்ததற்குத் தண்டனையாக விதித்தது 40 லட்சம் டாலர். அது பின்னால் 20 லட்சமானது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதுவும் மிக அதிகம் என்றது. கடைசியில் 50,000இல் வந்து நின்றது. பெயின்டுக்கு விலை போடுவதில் யாருக்கும் பெரிய சிரமம் இருக்கவில்லை. சொல்லாமல் விட்டதற்கு என்ன விலை என்பதில்தான் எல்லாரும் திணறியிருக்கிறார்கள்.

நம் ஊரில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வதை வாங்குகிறவரின் உரிமை என்கிறது. ஆனால் எனக்குள் உறுத்தியது சட்டம் இல்லை.

அம்மா, "திருஷ்டி கழிஞ்சிதுன்னு நெனச்சிக்கடா" என்றார். நாமே புதுசுக்கு ஒரு குறை வைக்கிறவர்கள்தான். குழந்தை கன்னத்தில் மை வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஆனால் அந்த மை நாலு பேர் பார்க்கத்தான் வைக்கப்படுகிறது. மறைத்து வைத்தால் அது திருஷ்டிப் பொட்டே இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமா தன் ஃபைபர் போட்டை அக்கரைப்பேட்டைக்காரர் ஒருவருக்கு விற்றார். வந்தவரை முதலில் அணியத்துக்குக் கூட்டிப்போய், "இந்த எடத்துல ஒட்டு இருக்கு, கல்லுல மோதுனது" என்று காட்டினார். விலை குறைந்தது. அத்தை திட்டினார். "கடலுக்குப் போறவன் தெரிஞ்சிக்க வேணாமா?" என்றார் மாமா.

போட்டில் ஒட்டு பெயர்ந்தால் உயிர் போகும். கதவு மங்கினால் அழகுதானே போகும்? இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். அடியில் இருக்கிற துருத்தடுப்புப் பூச்சு தேயாமல் இருந்தால் எங்கள் உப்புக்காற்றில்கூட அந்தக் கதவு நன்றாகவே இருக்கும். தேய்த்தார்களா இல்லையா என்பது அடித்தவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. அஞ்சு வருஷம் கழித்து நான் விற்கும்போது, "ஒரிஜினல் பெயின்ட்டா?" என்று ஒருவர் கேட்பார். நான் அன்றைக்குக் கிழக்கு வெயிலில் நிற்காமல் போயிருந்தால், "ஆமா" என்று மனசறிந்து சொல்லியிருப்பேன். அவர்களுடைய பொய்யை என் வாயால், உண்மை என்று நம்பியே சொல்லியிருப்பேன்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் பழைய பைக் ஞாபகம் வந்தது. போன வருஷம் வரிச்சிக்குடிப் பையன் ஒருவனுக்கு விற்றேன். டேங்கில் ஒடுக்கு விழுந்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த வண்டி. அவன் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. அப்போது அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

ரெண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு போன் போட்டேன். "தம்பி, டேங்க்ல பட்டி பார்த்திருக்கு. அப்பவே சொல்லியிருக்கணும். காசு வேணா கொஞ்சம் திருப்பித் தரேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"வண்டிய போன மாசம் வித்துட்டேனேண்ணே. எங்கயும் அடிபடாத வண்டின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

வாங்கியவரின் நம்பரைக் கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றான்.