துக்கம் விசாரித்தல்

நம்மவர் இல்லங்களில் சாவு நேர்ந்துவிட்டால், உற்றாரும் ஊராரும் திரண்டு வந்து துக்கம் விசாரிப்பது நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கமே. ஆயின் அங்கு விசாரிக்கப்படுவது யாது? “எப்படி நேர்ந்தது? எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள்? முன்னரே கொண்டுபோயிருக்கலாகாதா?” என்று வருவோர் ஒவ்வொருவரும் கேட்க, மகனைப் பறிகொடுத்த தாய் அக்கொடிய கதையை முதலிலிருந்து நாற்பது முறை சொல்ல வேண்டியவளாகிறாள். இது விசாரிப்பு அன்று, விசாரணை.

அழுகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. சாவு தானே கொண்டுவருவது இழவு. ஏனையவற்றில் பெரும்பங்கை நாமல்லவோ கூட்டித் தருகிறோம்! கணவனை இழந்தாளைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பூவும் பொட்டும் களைவது இளிவு. நேற்றுவரை மங்கல காரியங்களில் முன்னின்றவளைப் பின்கட்டுக்கு ஒதுக்குவது அசைவு. கருமாதி விருந்துக்குக் கடன் வாங்க வைப்பது வறுமை. விருந்துண்டு கை கழுவுவோருக்கு இக்கடன் நினைவில் நிற்பதில்லை.

“சடங்கு மனத்துக்கு ஆறுதல் தருவதன்றோ?” என வினவுவோர் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அழுவதற்கு ஒரு நாளும், கூடுவதற்கு ஓர் இடமும் மனிதனுக்கு வேண்டும். அவை இரண்டுமே மறுக்கப்பட்டோரை இந்நாடு கண்டிருக்கிறது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அவர்களுள் பெருந்தொகையினரைக் கொன்றன. அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தொழிலாளருள் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, இறந்த நாளும் இல்லை. 1945க்குப் பின் சிலர் மீண்டு வந்தனர். ஆகவே, வாராதோரும் ஒருநாள் வரக்கூடும் என்னும் எண்ணம் எளிதில் சாகவில்லை. அவர்தம் மனைவியர் பொட்டிட்டால் ஒரு பேச்சு, அழித்தால் ஒரு பேச்சு. ‘விதி’ என்று சொல்லிப் போனவர்கள் அவர்களுக்கு என்ன தந்தார்கள்? நாளைக் காலையில் பால்மரம் சீவப் போக வேண்டியவளுக்கு, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவர அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி கை நீட்டியிருந்தால், அதுவே ஆறுதல். காய்ச்சலில் கிடந்த நாளில் ஒரு கலயம் கஞ்சி வந்திருந்தால், அதுவும் ஆறுதலே. அதற்குப் புரோகிதர் வேண்டுவதில்லை. நாள் குறிக்கவும் வேண்டுவதில்லை.

லயங்கள் பெரிதும் மறைந்து, நம்மவர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த இந்நாளில் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. பதினாறு நாள் வரை செருப்பு வைக்க வாசலில் இடமிராது. பதினேழாம் நாள் அங்கு யார் போகிறார்கள்? போகிறவர் “அழாதே” என்று சொல்லாமல் சற்று உட்கார்ந்திருக்கலாம். இறந்தவர் பெயரைச் சொன்னால் புண் கிளறும் என்று அஞ்சி, நாம் அப்பெயரையே அவ்வீட்டிலிருந்து துரத்திவிடுகிறோம். அவளோ அப்பெயரை எவரேனும் ஒருமுறை உச்சரிக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறாள்.