தாங்கிக் கொள்வது தவமா?

கோலார் தங்கவயலுக்கு அருகே பூதிகோட்டை என்றோர் ஊர் உள்ளது. ஹைதர் அலி பிறந்த ஊர். சாம்பற்கோட்டை என்பது பெயரின் பொருள். இவ்வுடல் முடிவில் என்னவாகும் என்பதை ஊரின் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் சாம்பலாகும் நாள் வரை உடல் வலிக்கிறதே, அதை என்ன செய்வது?

அவ்வூரில் ஒரு முதிய தம்பதியரைக் காண நேர்ந்தது. கணவர் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்ற சுரங்கங்கள் அவை. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அப்பகுதியின் எத்தனையோ பிள்ளைகளைப் போல இவர்கள் மகனும் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார். பகல் முழுதும் வீட்டில் முதியவர்கள் மட்டுமே.

பெரியவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய வலி மாத்திரைகள். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, முடியாவிட்டால் இன்னொன்று. இரத்த அழுத்த மாத்திரை வேறு. "பையன் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன் சாமி" என்றார். அம்மையாரோ மாத்திரையைத் தொடுவதே இல்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. "செய்த வினை, அனுபவித்துத் தீர்க்க வேண்டும்" என்கிறார்.

இருவரில் யார் செய்வது சரி?

சகிப்புத்தன்மையைத் திதிக்ஷை என்பர். பரிகாரம் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றித் துன்பங்களைத் தாங்குவதே அது என்கிறது 'விவேகசூடாமணி'. இதைக் கொண்டு அம்மையாரின் செயலை நியாயப்படுத்தத் தோன்றும். ஆனால் 'கவலையின்றி' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மகனுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தால் வாய்மூடித் தாங்குவது கவலையே அன்றித் திதிக்ஷை ஆகாது. அம்மையாரிடம் சற்று நேரம் பேசியபோது, வினைக் கொள்கையினும் மருத்துவச் செலவே அவர் மனத்தில் பெரிதாக நின்றது. தவிரவும், அந்த இலக்கணம் வலியைத் தாங்கும் சாதகனுக்கு உரியது. அருகிலிருந்து பார்ப்பவன் அதை எடுத்துக்காட்டிப் பிறரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வானாயின் அது வெறும் கல்நெஞ்சமே. பகவான் ரமணருக்குக் கையில் கட்டி வந்தபோது, 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. உடலைத் தாம் என்று கருதாத அவரும் மருத்துவர்களைத் தடுக்கவில்லை.

பெரியவரின் வழியும் ஆபத்தானது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். முதுமையில் இந்த அபாயம் மிகும். அழுத்தத்திற்கான சில மாத்திரைகளுடன் சேர்ந்தால் சிறுநீரகத்தின் சுமை இன்னும் கூடும். பாராசிட்டமால் இவற்றைவிட மென்மையானது, அதற்கும் அளவுண்டு. மேற்பூச்சு, ஒத்தடம், தொடைத்தசைக்கான எளிய பயிற்சி ஆகியவை மூட்டுவலிக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் எது யாருக்கு என்று சொல்ல, எல்லா மாத்திரைகளையும் ஒருசேரப் பார்க்கும் மருத்துவர் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். தகர டப்பாவில் மருந்து மட்டும் இருந்தது. மகன் அன்பில்லாதவர் அல்லர். அவருக்குத் தெரியவே இல்லை. ஒருவர் மாத்திரையால் வலியை மறைத்தார், மற்றவர் மௌனத்தால் மறைத்தார். பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அக்கடமையைச் செய்ய இடங்கொடுப்பதும் பெற்றோரின் தர்மம் என்று நாம் சொல்வதே இல்லை.

"ஐயா, மகனிடம் டப்பாவைக் காட்டுங்கள்" என்றேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான்" என்றார். அம்மையார் உள்ளிருந்து, "அப்படியே என் காலையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.