கேட்டது முழுத் தீவுக்கும்

தேசத்துக்குப் பழைய வேர் உண்டு என்றார் தேசியவாதத்தை ஆய்ந்த அந்தனி சிமித். நவீன காலமே தேசங்களை ஆக்கியது என்றார் அதே துறை அறிஞர் ஏர்னஸ்ட் கெல்னர். யாழ்ப்பாணம் இருவருக்கும் சான்று தரும். மொழியும் வழிபாடும் பிறப்போடு வரலாம். அவற்றைக்கொண்டு யாரையெல்லாம் 'நாம்' என்று சேர்ப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய்த் தீர்மானிக்கிறது. அப்படித் தீர்மானித்த ஒரு தலைமுறையைப் பாருங்கள்: 1920களில் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் வளர்த்த யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், தமிழை நேசித்தது. சாதி பாராத சமபந்திக்காகப் போராடியது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. பிரித்தானியர் தந்த டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று காங்கிரஸார் பகிஷ்கரிப்புக்கு அழைத்தபோது, 1931 தேர்தலில் யாழ் குடாநாட்டுத் தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட சுயராச்சியம் இலங்கை முழுவதற்குமானது; அவர்களின் 'நாம்' முழுத் தீவையும் சேர்த்தது.