மூன்றாம் முறை

முகச்சவரம் செய்துகொள்வதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலையில் கண்ணாடி முன் நிற்கிறோம், நுரை பூசுகிறோம், மழித்துக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒரு சமயம் வேறொருவர் முகத்தில் நான் கத்தி வைக்க நேர்ந்தது. அதுமுதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பிறரைச் சீர்படுத்த ஆசைப்படுகிறோமே, அந்த ஆசை எதுவரையில் அவர்களுக்காக? எந்த இடத்திலிருந்து நமக்காக?

முதலில் சவரத்தின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாடி ரோமம் முகமெங்கும் ஒரே திசையில் வளர்வதில்லை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கிப் படிந்திருக்கும். கழுத்துக்கு வந்தால் சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழியாகக்கூட வளரும். விரலால் தடவினால் தெரிந்துவிடும். விரல் வழுக்கிக்கொண்டு போகிற பக்கம் அதன் போக்கு. சொரசொரவென்று தடுக்கிற பக்கம் எதிர்ப்போக்கு.

வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, போக்கிலேயே ஒரு முறை மழித்தால் முகம் பார்வைக்குச் சுத்தமாகிவிடும். தொட்டால் மட்டும் சிறிது முள் தெரியும். மறுபடி நுரை பூசிக் குறுக்கே ஒரு முறை மழித்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். மூன்றாம் முறை எதிர்ப்போக்கில் மழித்தால் முகம் பளிங்குபோல் ஆகிவிடும். ஆனால் அந்தப் பளிங்குக்கு ஒரு விலை உண்டு. எதிரே வரும் கத்தி ரோமத்தை இழுத்து, தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடக்கூடும். வெட்டுண்ட நுனி வளரும்போது வெளியே வர வழி இல்லாமல் தோலுக்குள்ளேயே வளைந்து கொப்புளமாகிறது. சுருட்டை ரோமக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அன்றியும், கத்தி போகிற ஒவ்வொரு முறையும் மேல்தோலையும் கொஞ்சம் சுரண்டுகிறது. அதனால்தான் தோல் மருத்துவர்கள் ரோமம் வளரும் திசையிலேயே மழிக்கச் சொல்கிறார்கள்.

நான் மூன்று முறைக்காரன். என் தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் கண்டு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அறுபது வருஷம் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொண்டவர். தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. உறவினரெல்லாம் அப்பாவைப் பார்க்க வருவார்கள். அவர் நாலு நாள் தாடியோடு படுத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தலையணையை உயர்த்தி வைத்து, துண்டைப் போர்த்தி, நானே உட்கார்ந்தேன். என் முகத்துக்குச் செய்வதைப் போலவே மேலிருந்து கீழாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, பிறகு எதிர்ப்போக்கில் ஒரு முறை. மூன்றாம் முறை கழுத்தருகே போகும்போது அப்பா தம் இடது கையால் என் மணிக்கட்டைப் பற்றினார். பிள்ளை செய்கிற பணிவிடையில் மனம் நெகிழ்ந்து பற்றுகிறார் என்று எண்ணினேன். மெல்ல அந்தக் கையை விலக்கிவிட்டு மழித்து முடித்தேன்.

“பழைய மாமாவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது” என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் தங்கை, “அண்ணா, அப்பா கழுத்தைப் பார்த்தாயா?” என்றாள். கழுத்து முழுவதும் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது.

அது ஆறிய பிறகு, தெருமுனையில் கடை வைத்திருந்த பெரியவரை அழைத்து வந்தேன். அவர் கத்தியை எடுக்கவே இல்லை. முதலில் அப்பாவின் கழுத்தை நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். “தம்பி, ஐயாவுக்குக் கழுத்துல மேலே பார்த்து வளருது. நீங்க மேலேருந்து கீழே இழுத்திருப்பீங்க” என்றார். நான் போக்கு என்று நினைத்ததே அப்பாவுக்கு எதிர்ப்போக்காக இருந்திருக்கிறது! என் முகத்தின் வழக்கத்தை அவர் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒரே முறை மழித்துவிட்டு நுரையைத் துடைத்தார். “அங்கங்கே கொஞ்சம் இருக்கிறதே” என்றேன். “இருக்கட்டும் தம்பி. நாளன்னைக்கு நான் வரத்தானே போறேன்?” என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது. அன்று அது என் மணிக்கட்டை ஏன் பற்றியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

முதல் இரண்டு முறை நான் மழித்தது அப்பாவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். திசை தவறியது அறியாமை. மூன்றாம் முறை யாருக்காக? வந்தவர்கள் யாரும் அவர் கழுத்தைத் தடவிப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பளபளப்பு என் கைவேலையின் பெருமைக்காகத்தான்.

இதை எண்ணியபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. என் மகன் பள்ளியில் படிக்கும்போது தான் எழுதிய கட்டுரைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவான். முதலில் எழுத்துப்பிழைகளைத் திருத்துவேன். பிறகு வாக்கியங்களைச் சீர்செய்வேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் முறையும் பேனாவை எடுத்து அவன் நடையையே மாற்றி என் நடையாக்கிவிடுவேன். கட்டுரை பளிங்குபோல் இருக்கும். ஒரு நாள் முதல் அவன் காட்டுவதை நிறுத்திவிட்டான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

திருத்துகிறவனுக்கும் இதில் நஷ்டம் உண்டு. 2020-ஆம் வருஷம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதை மின்னணு நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். பிளேடின் எஃகு ரோமத்தைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆயினும் ரோமம் வளைந்து சாயும்போது, கத்தி விளிம்பில் வலுக் குறைந்த இடங்களில் எஃகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறதாம். எதிர்த்துப் பேசாத பிள்ளையிடம் நான் என்ன இழந்தேன் என்பதும் இப்படித்தான் வெகு நாள் கழித்துத் தெரிந்தது.

‘எல்லாரும் போக்கிலேயே போனால் உலகில் எதுதான் மாறும்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். அநீதியை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே கத்தி பிறன் கையில் இருக்கிறது. நம் கழுத்து அதன் கீழே இருக்கிறது. நான் சொல்வது, கத்தி நம் கையிலும் பிறர் மோவாய் நம் பிடியிலும் இருக்கிற வேளையைப் பற்றி. தன் முகத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் எதிர்த்து மழித்துக்கொள்ளலாம், எரிச்சல் நம்முடையது. பிறர் முகத்தில் முதலில் விரலால் கேட்க வேண்டும். அவர் கை நம் மணிக்கட்டைப் பற்றினால் நிறுத்த வேண்டும்.

எவ்வளவு ஒட்ட மழித்தாலும் மாலைக்குள் ரோமம் மறுபடி தலைகாட்டத்தான் போகிறது. இப்போதெல்லாம் நான் இரண்டு முறையோடு கத்தியைக் கழுவி வைத்துவிடுகிறேன். போன மாதம் மகன் தான் எழுதிய ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்து, “சரியாக இருக்கிறதா, பாருங்கள் அப்பா” என்றான். ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.