மாவும் காணியும் தசமப் புள்ளியும்

0.05, 0.0125 இரண்டில் எது பெரிது? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இரண்டாவதையே காட்டுவர். 5ஐவிட 125 பெரிதல்லவா! உறுப்புகள் கூடினால் பொருளும் பெருகும் என்ற எண்ணமே இதன் வேர். தத்துவத்திலும் இது பழைய சிக்கல்தான். பொருளை முடிவின்றிப் பகுக்கலாம் என்றால் மேரு மலைக்கும் கடுகுக்கும் உறுப்புகள் எண்ணற்றவை, இரண்டும் சமமாகிவிடும். எனவே பகுப்பு, மேலும் பகுக்க முடியாத பரமாணுவில் நின்றாக வேண்டும் என்று நியாய, வைசேஷிக மரபினர் வாதிட்டனர். வாதம் கூர்மையானது, ஆனால் முடிவு கட்டாயமன்று. உறுப்புகளின் எண்ணிக்கை மட்டும் அளவாகாது. ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு என்பதும் சேர்ந்ததே அளவு.

உறுப்பின் அளவுக்கே பெயரிட்டுப் பகுத்த கணக்கு ஒன்று உண்டு: தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் இறைவனுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை வேலி என்ற அலகில் தொடங்கி மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று இறங்கி அளக்கின்றன. வேலியில் 20இல் ஒன்று மா, 80இல் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரி; முந்திரியின் 320இல் ஒன்று கீழ்முந்திரி. கடவுளின் பங்கிலும் இம்மி பிசகக் கூடாது என்ற கண்டிப்பு அது.

காவிரி டெல்டாவில் இன்றும் வயலை மாக் கணக்கில் பேசுகிறார்கள். 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். வேலியை 1 என்று கொண்டால் மா 0.05, காணி 0.0125. நான்கு காணி ஒரு மா என்றறிந்த பிள்ளை இங்கே ஏமாறாது. பிறருக்கு இடமதிப்பே வழி: இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒப்பிட வேண்டும். பத்தில் ஒன்றின் இடத்தில் இரண்டிலும் 0. நூறில் ஒன்றின் இடத்தில் 5, 1. தீர்ப்பு அங்கேயே முடிகிறது. அதற்குப் பின் வரும் 25 அதை மாற்றாது.