குழியைச் சுற்றிப் போனவன்

எங்கள் தெருமுனையில் ஒரு சாக்கடைக் குழி இரண்டு நாளாக மூடியில்லாமல் கிடந்தது. நானும் வண்டியை ஒடித்துச் சுற்றித்தான் போனேன். யாராவது சொல்லியிருப்பாங்க என்று ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் இரவு, வேலை முடிந்து வந்த பக்கத்துத் தெரு அக்கா அதில் விழுந்து கால் முறிந்தது.

சட்டம் படித்த நண்பனிடம் கேட்டேன், "என் மேல தப்பு இருக்கா?"

"கேஸ்னு வந்தா உனக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்றான். பிறகு ஒரு நத்தைக் கதை சொன்னான்.

1928 ஆகஸ்ட், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம். மே டொனஹூ என்ற பெண்ணுக்கு நண்பர் ஒருவர் ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். கொஞ்சம் குடித்தபின் மிச்சத்தை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்ததாம். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆனால் காசு கொடுத்தவர் நண்பர், விற்றவர் கடைக்காரர். பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சனுக்கும் மேக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. 1932 மே மாதம் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்று தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், குடிப்பவர்மேல் கவனம் வைக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு. நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

தீர்ப்பெழுதிய லார்ட் அட்கின், நல்ல சமாரியன் கதையில் வரும் கேள்வியையே எடுத்துக்கொண்டார்: என் அயலான் யார்? அயலானை நேசி என்ற கட்டளை, சட்டத்துக்குள் வரும்போது அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்று சுருங்குகிறது. நான் ஒன்றைச் செய்யும்போது, அதனால் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று யாரை நான் நினைத்திருக்க வேண்டுமோ, அவரே என் அயலான்.

வேடிக்கை என்னவென்றால், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் இந்தச் சட்டத்தில் தப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றும் கடமையை ஆங்கிலப் பொதுச் சட்டம் பொதுவாக யார்மேலும் சுமத்துவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. அந்தக் குழியைத் தெருவே சுற்றிப் போனது. யாரைப் பிடிப்பது? மூடி போட வேண்டியவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்தால் அது நீதியா?

சரிதான். ஆனால் அட்கினின் கேள்வி என்னை விடவில்லை. அந்த நேரத்தில் யார் என் நினைவில் இருந்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. விழுந்துவிடுவோம் என்று தெரிந்ததால்தானே வண்டியை ஒடித்தேன்? என் காலுக்கு வைத்த கவனத்தில் பாதி போதும், ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டிருக்கலாம்.

அக்கா இன்னும் கட்டோடுதான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "என்ன தம்பி, வேலைக்கா?" என்று கேட்கிறார். தலையாட்டிவிட்டுப் போகிறேன். நானும் அந்த வழியாகத்தான் போனேன் என்று இன்னும் சொல்லவில்லை.